மேண்டலினும் ஓபராவும் அந்நியர்கள் அல்ல

ஒருவர், "மேண்டலினில் ஓபரா (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) மெட்டுகளை வாசிப்பது சுற்றுலாக்காரர்களுக்காகக் கிளம்பிய புது வழக்கம், ஓபராவுக்கும் அந்த நாட்டுப்புறக் கருவிக்கும் சம்பந்தமே இல்லை" என்று எழுதியிருக்கிறார். இது சரியில்லை.

மொசார்ட்டின் 'டான் ஜியோவானி' ஓபரா 1787இல் பிராகாவில் அரங்கேறியது. அதன் இரண்டாம் அங்கத்தில், வேலைக்காரனின் உடையில் நாயகன் ஜன்னலடியில் நின்று பாடும்போது கூடவே ஒலிப்பது மேண்டலின்தான். வயலின்கள்கூட அங்கே வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகின்றன. அந்த இரண்டு நிமிடத்தை ஹெட்போனில் கேளுங்கள், குரலைச் சுற்றி மேண்டலின் கொடிபோல ஏறி இறங்குவது தெரியும். அப்புறம் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி. 1887இல் மிலானில் அரங்கேறிய 'ஒதெல்லோ'வின் இரண்டாம் அங்கத்துக் கோரஸுக்கு மேண்டலினையும் கிதாரையும் சேர்த்தவர் அவர்.

ஓபரா மெட்டுகளை மேண்டலினுக்கு மாற்றி எழுதிய இசைத்தாள்களும் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் அச்சாகி விற்றவை. இத்தாலிய அரசி மார்கரீத்தாவே மேண்டலின் வாசித்தவர். மேண்டலினுக்கு எட்டுத் தந்திகள், நான்கு ஜோடி, சுருதி அப்படியே மேற்கத்திய வயலினுடையது. அதனால் வயலினுக்கு எழுதிய மெட்டைப் பெரும்பாலும் மாற்றாமலே வாசிக்கலாம்.

மேண்டலினில் "நீண்ட சுரம் நிற்காது" என்றும் அப்படி எழுதியவர் சொல்லியிருக்கிறார், அதில் மட்டும் உண்மை உண்டு. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். அதற்குத்தான் ஒரே சுரத்தைப் படபடவென்று மேலும் கீழுமாக மீட்டும் ட்ரெமோலோ. நல்ல கைகளில் அது பாடகரின் மூச்சு நீள்வதைப் போலவே கேட்கும்.