சேலத்து வெள்ளைக்கல் மேடுகளைக் கழிவு என்று எழுதிவைக்காதீர்கள்

சேலம் நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில், குரும்பப்பட்டி, ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் வெளுத்துக் கிடக்கும் மேடுகளைச் சுரங்கக் கழிவு என்றே எல்லாரும் சொல்கிறோம். புதுக் குழி வெட்டுவதற்கு முன்னால் அந்த மேடுகளைத்தான் கனிமமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் நிலக்கரி மாதிரி படுகையாகக் கிடைப்பதில்லை. டூனைட் என்ற பச்சைக் கரும்பாறையின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெடி வைத்தால் நரம்பும் பாறையும் சேர்ந்தே நொறுங்கும். கையால் பொறுக்கும்போது பெரிய வெள்ளைக்கல் மட்டும் வண்டி ஏறும். பொடிக்கல் மேட்டுக்குப் போய்விடும்.

பிரிட்டிஷ்காரர்கள் இந்த இடத்துக்கு 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தது தவறு. இது சுண்ணாம்பே இல்லை. டூனைட்டில் உள்ள ஆலிவின் என்ற கனிமம் கரியமில வாயுவோடு வினைபுரிந்து மேக்னசைட் ஆகும்போது சிலிக்காவும் வெளியேறுகிறது. அந்தச் சிலிக்கா கூடவே படிந்து கால்செடோனி என்ற கடினமான கல் ஆகிறது. வெள்ளைக்கல்லைப் பிடித்த வியாதி பிறப்பிலேயே வந்தது!

மேக்னசைட்டைச் சூளையில் சுட்டுத்தான் உருக்கு உலைக்கான செங்கல் செய்கிறார்கள். அந்தச் சூளையில் இந்தச் சிலிக்கா வியாதி இரட்டிப்பாகும். சுத்த மேக்னசைட்டில் 52 சதவீதம் கரியமில வாயு. சுட்டால் அத்தனையும் போய்விடும். 1000 கிலோ கல்லில் 40 கிலோ சிலிக்கா இருந்தால், சுட்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய 500 கிலோ, அந்த 40 கிலோ அப்படியே இருக்கும். 4 சதவீதம் 8 ஆகிவிட்டது. அதில் சுண்ணாம்பும் கலந்து, எடையில் சிலிக்காவுக்குச் சற்றே குறைவான அளவில் இருந்தால் மான்டிசெலைட் என்ற கனிமம் உண்டாகும். அது 1500 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். உருக்கு உலையின் வெப்பம் 1600-ஐத் தாண்டும். அந்தச் செங்கல் எப்படித் தாங்கும்?

அதனால் நிறத்தை நம்பிக் கல் பொறுக்கக் கூடாது. கத்தியால் கீறுங்கள்: மேக்னசைட்டில் கோடு விழும், கால்செடோனியில் விழாது. பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. உடனே நுரைத்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்பு. மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் பேசாமல் இருக்கும். பொடித்துச் சூடாக்கினால்தான் நுரைக்கும்.

மேட்டைப் பிரிக்க ஒரே ஒரு இயந்திரம் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேமரா வைத்து நிறம் பார்க்கும் இயந்திரம் பச்சை டூனைட்டை ஒதுக்கிவிடும், ஆனால் வெள்ளைக் கால்செடோனியிடம் ஏமாறும். அடர்த்தி பார்த்துப் பிரித்தால் மேக்னசைட் 3.0, கால்செடோனியும், டூனைட் சிதைந்து உண்டாகும் செர்பென்டைனும் 2.6-ஐ ஒட்டி, 2.8 அடர்த்திக் கரைசலில் அவை இரண்டும் மிதக்கும். சிதையாத டூனைட் 3.2-க்கு மேல் இருப்பதால் மேக்னசைட்டோடு சேர்ந்து மூழ்கும். ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதால் இரண்டும் அடுத்தடுத்து வேண்டும்.

அதற்கும் முன்னால் மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். மேட்டின் மேற்பரப்பில் நாலு கூடை அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் கணக்கு பொய்யாகும். கொட்டும்போதே பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும். மழை பொடியை அரித்துக்கொண்டு போகும். உச்சியிலிருந்து அடிவரை வாய்க்கால் போலக் கீறி, வழி முழுக்க எடுத்ததைக் கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பக் குவித்துப் பிரிக்க வேண்டும்.

ஒதுக்கிய டூனைட்டும் வீண் இல்லை. இரும்பாலைகளில் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) சேர்க்க அது பயன்படுகிறது. செர்பென்டைனாக மாறிய கல்லைத்தான் தனியே வைக்க வேண்டும். அதில் 13 சதவீதம் வரை நீர் கட்டுண்டிருக்கும், சூட்டில் எடை இழக்கும். அந்த இனத்தில் கல்நார் இழையும் இருக்கக்கூடும். நுண்ணோக்கியில் பார்க்காமல் அதை உடைக்கவே கூடாது. மற்ற கல்லையும் தண்ணீர் தெளித்தபடிதான் உடைக்க வேண்டும். அந்தத் தூசியை மூச்சில் வாங்கப்போவது அங்கே கல் உடைக்கிறவர்கள்தான்.