ஹாரி சாகமாட்டான்

ஜிம் புட்சர் எழுதும் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' நாவல் வரிசையின் கடைசியில் அதன் நாயகன், சிகாகோ மந்திரவாதி ஹாரி, உயிர்த்தியாகம் செய்வான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2010-இல் வந்த 'சேஞ்சஸ்' முடிவிலேயே அவனைச் சுட்டாச்சு, அடுத்த புத்தகத்தில் ஆவியாக அலைந்து திரும்பியும் வந்தாச்சு, அப்புறம் இன்னொரு சாவில் என்ன இருக்கிறது? முகத்தை மறைத்துக்கொண்டு வரும் வில்லன் மந்திரவாதி கௌல்தான் எதிர்காலத்து ஹாரி என்று வேளச்சேரி டீக்கடையில் நண்பர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சுவாரசியம்தான், நம்பத்தான் முடியவில்லை. என் பயமெல்லாம் குளிர்கால தேவதைகளின் ராணி மாப்பைப் பற்றித்தான். அவள் கொடுத்த குளிர்கால வீரன் பொறுப்பு அவனை உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மிருகமாக்கப் பார்க்கிறது, 2020-இல் வந்த 'பேட்டில் கிரவுண்ட்'டில் அவன் காதலி மர்ஃபியும் செத்துப்போய்விட்டாள், மந்திரவாதிகள் சபையும் அவனை வெளியே தள்ளிவிட்டது. இனி அவனை மனிதனாகப் பிடித்து வைத்திருப்பது மகள் மேகிதான். புட்சர் அந்தக் குழந்தை மேல் மட்டும் கை வைக்காமல் இருக்கட்டும்.