பென்னுவின் உப்பும் எங்கள் அளமும்

துபாயில் இருக்கும் மச்சான் போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். சைக்கி என்று ஒரு சிறுகோளாம், முழுக்கத் தங்கமாம், நாசா அதைத் தோண்டக் கிளம்பிவிட்டதாம். கொண்டுவந்து பங்கு போட்டால் உலகத்தில் ஆளுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் கிடைக்குமாம். கீழே நாலைந்து ராக்கெட் படம். "அப்ப நகைக்கடனை இப்பக் கட்டவா, கொஞ்சம் பொறுக்கவா?" என்று சித்தி கேட்டிருந்தார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் குழுவில் இரண்டு பேர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

முதலில் சைக்கி. நாசா அதே பெயரில் அனுப்பிய கலம் 2023 அக்டோபரில் கிளம்பியது உண்மை. 2029இல் போய்ச் சேரும். சுற்றிச் சுற்றிப் பார்க்கும், படம் எடுக்கும், அளக்கும், அவ்வளவுதான். அதில் மண்வெட்டியும் இல்லை, சாக்கும் இல்லை, திரும்பி வருகிற ஏற்பாடும் இல்லை. அந்தப் பெரிய தொகை, திட்டத்தின் தலைமை விஞ்ஞானி லிண்டி எல்கின்ஸ்-டான்டன் முன்பு விளையாட்டாகப் போட்ட ஒரு கணக்கு. அதுவும் தங்கத்துக்கு இல்லை, இரும்புக்கு. சைக்கியில் இருக்கக்கூடிய இரும்பைச் சந்தை விலையால் பெருக்கிப் பார்த்தார். கூடவே, கொண்டுவர வழியில்லை, வந்தாலும் சந்தை படுத்துவிடும் என்றும் சொன்னார். பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கி முழுக்க உலோகம்தானா என்பதே இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. பாறையும் உலோகமும் கலந்து கிடக்கலாம் என்கிறார்கள்.

சந்தை படுப்பதை எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாளை அள்ளு அள்ளென்று பட்ட நாளில் ஏலக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முந்தின நாள் கூடைக்கு அடித்துக்கொண்ட வியாபாரி, அன்றைக்கு டீ குடித்து முடித்துவிட்டு மெதுவாக வருவார். மிச்சம் கருவாட்டுக்கும் தீவனத்துக்கும் போகும்.

சரி, இது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. என்னைக் கேட்டால் சிறுகோளில் இருந்து புதையல் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டில் இறங்கியது. மொத்தம் 121.6 கிராம். கடையில் வாங்குகிற சின்ன மிளகாய்த்தூள் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூட. ஒசைரிஸ்-ரெக்ஸ் என்ற கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து அள்ளி வந்த கரிய மண். பல மாதம் பிரித்துப் பார்த்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்கள் சொன்ன செய்தியைப் படித்துவிட்டு நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த மண்ணில் உப்பு இருந்தது.

எங்கள் அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பாத்தி மிதித்தது, வரப்புக் கட்டியது, உப்பு வாரியது, அம்பாரம் போட்டு ஓலை மூடியது, எல்லாம் அவர் செய்த வேலை. அளத்தில் எல்லாமே டிகிரிக் கணக்கு. டிகிரி என்றால் சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது. கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சத்தில் உள்ளே வரும். பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிலும் காற்றிலும் வற்ற வற்ற டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு கீழே தங்கும். அப்புறம் ஜிப்சம், காலில் குத்துகிற மாதிரி சொரசொரவென்று பொருக்குக் கட்டும். இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் நாம் சோற்றில் போடுகிற உப்பு உட்காரும். அதற்கு மேலும் விட்டு முப்பதைத் தொட்டால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வெட்டி வெளியே விட வேண்டும். இதை அளக்க ஒரு மானி உண்டு. அப்பா அதை எடுத்து நான் பார்த்ததில்லை. தண்ணீரைத் தொட்டு விரலிடுக்கில் தேய்ப்பார். "இன்னும் ரெண்டு நாளு" என்பார். ரெண்டு நாள்தான் ஆகும்.

பென்னுவின் மண்ணில் அவர்கள் கண்டது இந்த வரிசையின் தூரத்துச் சொந்தம். உப்புத்தண்ணீர் வற்றினால் உண்டாகும் தாதுக்கள் பதினொன்று. முதலில் சுண்ணாம்பு வகையறா, பிறகு பாஸ்பேட், பிறகு சோடா உப்பு, கடைசிப் பக்கமாக நம்முடைய சோற்றுப்பு. சோடா உப்பு என்றால் வெளுப்பதற்கு எடுக்கும் உவர்மண்ணில் இருக்கிற சங்கதிதான். பென்னு இன்றைக்குச் சுமார் அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கல்குவியல். ஒரு காலத்தில் அது பெரிய தாய்க்கல் ஒன்றின் வயிற்றுக்குள் இருந்தது. அங்கே கதிரியக்கச் சூட்டில் பனி உருகி, உப்புத்தண்ணீர் தேங்கி, மெல்ல மெல்ல வற்றியிருக்கிறது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முந்தின அளம் அது. அதே மண்ணில், உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் பதினாலு இருக்கின்றன. டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் எழுதப்பட்டிருக்கிற ஐந்து எழுத்துகளும் இருக்கின்றன. உயிர் இல்லை. உயிருக்கான மளிகைச் சாமான் எல்லாம் ஒரே பானையில் கிடந்திருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அங்க மழ பெஞ்சா என்ன செய்வான்?"

மழையே கிடையாதுப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மழயே இல்லாத அளமா" என்றார். பங்குனியில் திடீரென்று பெய்த ஒரு மழையில் வாரி முடிக்காத உப்பு கரைந்து ஓடுவதை எத்தனை வருடம் பார்த்தவர் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் குரல் புரியும்.

விளையாட்டாகத் தெரியலாம், ஆனால் விஷயத்தின் முடிச்சே அந்தக் கேள்விதான். "விண்கல்தான் தானாகவே பூமியில் விழுகிறதே, அதை எடுத்துப் பார்த்தால் போதாதா, இவ்வளவு செலவு எதற்கு?" என்று கேட்கிறார்கள். போதாது. உப்பு ஈரத்தை இழுக்கும். அம்மா உப்பு ஜாடியில் பிடி அரிசி போட்டு வைப்பது எதற்கு? ஐப்பசியில் ஜாடியைத் திறந்தால் உப்பு அழுதுகொண்டிருக்குமே, அதேதான். நம் காற்று பட்டதும் விண்கல்லுக்குள் இருக்கிற மெல்லிய உப்பெல்லாம் கரைந்து, உருமாறி, அடையாளம் தெரியாமல் போய்விடும். பென்னுவின் மண்ணை மூடிய பெட்டியில் கொண்டுவந்து, நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே திறந்ததால்தான் இதெல்லாம் கண்ணில் பட்டது. ஜப்பானின் ஹயபுசா-2 கலம் 2020 டிசம்பரில் ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த 5.4 கிராமிலும் சோடிய உப்புகள் இருந்தன. அவர்களுடைய முதல் ஹயபுசா 2010இல் கொண்டுவந்தது ஒரு மில்லிகிராம்கூட இல்லை, வெறும் தூசித் துகள்கள். அதற்கே அவ்வளவு கொண்டாட்டம், நியாயமான கொண்டாட்டம்.

இனி செலவு. ஒசைரிஸ்-ரெக்ஸுக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த 121.6 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 80 லட்சம் டாலரைத் தாண்டும். தங்கத்துக்காகப் போயிருந்தால் உலகத்திலேயே மட்டமான வியாபாரம் இதுதான்.

அள்ளுவதும் நினைக்கிற மாதிரி இல்லை. பென்னுவின் தரை கடற்கரை மணல்போல இருக்கும் என்றுதான் பூமியிலிருந்து பார்த்தவர்கள் கணித்திருந்தார்கள். கிட்டப் போனால் ஒரே பாறைக்காடு. தேடித் தேடி ஒரு சின்ன இடம் கண்டுபிடித்து 2020 அக்டோபர் 20 அன்று கையை நீட்டியது கலம். தரையே இல்லை! கல்லெல்லாம் ஒன்றையொன்று பிடிக்காமல் சும்மா கிடக்கிறது, கை அரை மீட்டர் உள்ளே புதைந்துவிட்டது. பின்னால் எகிறி வந்திராவிட்டால் கலமே உள்ளே போயிருக்கும் போல. அள்ளிய பெட்டியின் வாயில் கல் சிக்கி, மூடி முழுசாக மூடவில்லை, மண் சிந்திக்கொண்டே இருந்தது. பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச் சேர 18 நிமிடத்துக்கு மேல். எடை பார்ப்பதையெல்லாம் விட்டுவிட்டு அவசரமாக உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஊருக்கு வந்த பிறகும் இரண்டு திருகு கழலவில்லை. அதற்கென்றே புதுக் கருவி செய்து, 2024 ஜனவரியில்தான் திறந்தார்கள். நம் வீட்டு ஊறுகாய்ப் பாட்டில் கதைதான், கொஞ்சம் விலை கூட.

வால்நட்சத்திரக் கதை இதைவிடப் பரிதாபம். 2014 நவம்பரில் ஐரோப்பியர்கள் ரோசெட்டாவிலிருந்து ஃபீலே என்ற சின்னக் கலத்தை 67பி வால்நட்சத்திரத்தில் இறக்கினார்கள். பூமியில் நூறு கிலோ கனக்கிற பெட்டி, அங்கே ஒரு காகிதத் துண்டு அளவுக்குத்தான் கனக்கும். அதனால் இறங்கியதும் தரையில் ஈட்டி பாய்ச்சி நங்கூரம் போட வேண்டும். ஈட்டி பாயவே இல்லை. பெட்டி துள்ளி ஒரு கிலோமீட்டர் மேலே போய், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஏதோ ஒரு பாறை நிழலில் போய் ஒதுங்கியது. வெயில் படாததால் மூன்று நாளில் பேட்டரி தீர்ந்துவிட்டது. நங்கூரம் பிடிக்காத படகு எங்கே போய் நிற்கும் என்பது பாம்பன்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் தாய்க்கலம் ரோசெட்டா ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்த வால்நட்சத்திரத்தின் நீரில் கனஹைட்ரஜனின் (ஹைட்ரஜனிலேயே எடை கூடிய வகை) பங்கு நம் கடல் நீரில் உள்ளதுபோல மூன்று மடங்கு. அதை வைத்து, நம் கடல் அப்படிப்பட்ட வால்நட்சத்திரங்கள் ஊற்றிய தண்ணீராக இருக்காது என்றார்கள். அந்த அளவையே தூசி கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அப்புறம் யார் ஊற்றியது என்று தேடும்போது பார்வை பென்னு, ரியுகு மாதிரி ஈரம் கண்ட கற்கள் பக்கம் திரும்புகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 'விண்வெளிச் சுரங்கம்' கம்பெனிகளின் கதை ஏன் அப்படி முடிந்தது என்பது விளங்கும். 2012இல் பிளானட்டரி ரிசோர்சஸ் என்று ஒன்று பெரிய ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டது. கூகுளின் லாரி பேஜ், எரிக் ஷ்மிட் எல்லாம் பணம் போட்டார்கள். 2018இல் காசில்லாமல் ஒரு பிளாக்செயின் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஒரு கைப்பிடி மண்கூட அள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் ஆஸ்ட்ரோஃபோர்ஜ் என்ற கம்பெனி ஒடின் என்ற கலத்தை ஒரு சிறுகோளைப் பார்த்துவர அனுப்பியது. போன கொஞ்ச நேரத்திலேயே தொடர்பு அறுந்துவிட்டது. முயற்சியைக் கேலி செய்யவில்லை. பங்குப் பத்திரத்தைக் காட்டி ஆசை மூட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

என்றைக்காவது தோண்டினால் முதலில் எடுக்கப்போவது தண்ணீராகத்தான் இருக்கும், அதையும் அங்கேயே செலவழிக்க. பிரித்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன், ராக்கெட் எரிபொருள். பூமியிலிருந்து ஒரு லிட்டரை மேலே தூக்கும் கூலி அவ்வளவு. இதுவும் ராமநாதபுரத்துக்காரனுக்குப் புதுசில்லை. தள்ளுவண்டியில் பத்துக் குடம் அடுக்கி ஊற்றுக்குப் போய்வந்த சனம் நாங்கள். தண்ணீருக்கு நாங்கள் கொடுத்ததெல்லாம் சுமைகூலிதான்.

அப்ப இதில் கவலைப்பட ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. கலம் மெதுவாகப் போகிறது, சட்டம் வேகமாக ஓடுகிறது. 1967 விண்வெளி ஒப்பந்தம், வானத்தில் உள்ள எதையும் எந்த நாடும் தனதென்று சொல்லக்கூடாது என்கிறது. தோண்டி எடுத்தது யாருக்கு என்பதில் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்கா 2015இலும் லக்சம்பர்க் 2017இலும் எடுத்தவனுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டுக்கொண்டன. அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்து, 2023 ஜூனில் இந்தியாவும் கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் என்ற விண்வெளி உடன்பாடும், எடுப்பது ஆக்கிரமிப்பாகாது என்கிற பக்கம்தான் சாய்கிறது. வக்கீல்கள் சொல்லும் உதாரணம் எது தெரியுமா? கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவனுக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லார் படகும் ஒரே அளவு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். தடை செய்த இரட்டைமடி வலையைச் சேர்ந்து இழுத்துக்கொண்டு இரண்டு விசைப்படகுகள் போன தடத்தில் மறுநாள் நாட்டுப்படகுக்காரர் வலை போட்டுப் பார்க்கட்டும். மீன் பிடித்தவனுக்குத்தான், சரி. அடிமண்ணோடு வழித்த குஞ்சு யாருக்கு? எங்கள் கடலில் பவளப்பாறையை வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்புக்கும் பல தலைமுறை வெட்டினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்கள், கல்லில் பவளத்தின் பூக்கண் தெரியும். அப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போயின. வெட்டினவர்களைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அது கூலி. கடல் பெரிசு, தீராது என்று நம்பினார்கள். வானம் பெரிசு, தீராது என்று இப்போது பேசுகிறவர்களுக்குக் கூலிப் பிரச்சினையும் கிடையாது.

பக்கத்து மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. கலாம் பிறந்த கரை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், பேசட்டும், பெருமைதான். இந்தியா கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒரு மேடையில் யாராவது பேசினால் நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன்.

இதைச் சுருக்கி மச்சானுக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பத்து நிமிடம் கழித்து, அதே தங்கச் செய்தி எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவில் வந்து விழுந்தது. அனுப்பியவர் மச்சான்தான்.