வாலை வெட்டிவிட்டுக் கடலில் தள்ளினால் அது விடுவதா?

போன ஞாயிறு காலை, திருவொற்றியூரில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, புது ராடு, புது ரீல். இறால் கோத்துப் போட்டதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திருக்கை மாட்டியது. பயத்தில் அதைக் கல்லில் போட்டு, வாலை அடியோடு வெட்டி, உடம்பைச் செருப்புக் காலால் கடலில் தள்ளிவிட்டு, "பாவம்ணா, சின்னது, விட்டுட்டேன்" என்றார்.

விட்டாராம்!

நான் ஒன்றும் திருக்கை சாப்பிடாத ஆள் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று காசிமேட்டில் தேடி வாங்கி, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைக்கிற வீடுதான் எங்களுடையதும். சாப்பிடத்தான் என்றால் சட்டென்று கொன்று எடுத்துப் போங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேண்டாம் என்றால் முழுசாக விடுங்கள்.

வால் முள்ளில் விஷம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல், பயப்படுவது நியாயம்தான். ஆனால் அது துரத்தி வந்து குத்துகிற ஜீவன் இல்லை, மிதித்தால் குத்தும், பிடித்தால் குத்தும், அவ்வளவுதான். முள் உடைந்தால் திரும்ப முளைக்கும், வால் முளைக்காது. அதைக் கல்மேல் ஏற்றவே வேண்டாம். தண்ணீர் ஓரத்திலேயே வைத்து, வால் பக்கம் போகாமல், வாய்க்குப் பக்கத்தில் தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பை, நறுக்கிவிட்டால் போதும். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே பிளேயரால் நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவதும் சுலபம். சில பேர் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்குகிறார்கள், பார்க்கவே வயிறு கலங்கும். அது பிடி இல்லைங்க. வாயும் செவுளும் அடியில் இருப்பதால், மண்ணில் படுத்திருக்கும்போது திருக்கை மூச்சுக்குத் தண்ணீர் இழுப்பதே அந்த ஓட்டை வழியாகத்தான்.

நெத்திலி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிற மீனும் இல்லை இது. குட்டி போடும், அதுவும் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான். பிடிபட்ட அதிர்ச்சியில் சினைத் திருக்கை கல்மேலேயே குட்டியைத் தள்ளிவிடும். ஒருமுறை நானே பார்த்தேன், சுருட்டிய வெற்றிலை மாதிரி மூன்று கிடந்தன.

குத்திவிட்டால்? தாங்குகிற சூட்டில், 45 டிகிரி தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வையுங்கள், வலி இறங்கும். அப்புறம் கட்டாயம் ஆஸ்பத்திரி. மார்பிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் பிடுங்காமல் நேராக ஓடுங்கள்.

வெட்டிய வாலைக் காய வைத்துச் சுவரில் மாட்டுவாராம் அந்தத் தம்பி. அவர் இதைப் படித்தால் அடுத்த ஞாயிறும் அதே கல்லுக்கு வரட்டும். வீட்டில் கட்டிங் பிளேயர் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொண்டு வருகிறேன்.