இஃப் போட்டால் கேவலமா?

நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதிதாகக் கற்கும் ஒரு பிள்ளை, பந்து சுவரில் மோதித் திரும்பும் நிரலை, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் இஃப் நிபந்தனைகளால் எழுதி நம் குழுவில் போட்டது. கீழே ஒரு சீனியர், "இத்தனை இஃப்பா? ஃபிசிக்ஸ் எஞ்சின் என்று ஒன்று இருப்பதே தெரியாதா?" என்கிறார். மோதலையும் நகர்வையும் தானே கணக்கிட்டுத் தரும் ஆயத்த நிரல்தான் அந்த எஞ்சின். அதற்கு எத்தனை சிரிப்புகள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பந்து, நான்கு சுவர். மோதியதா இல்லையா? இதை இஃப் போட்டுக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பது? நீங்கள் பெருமையாகச் சொல்லும் பாக்ஸ்2டி எஞ்சினின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ஓரங்களை ஒப்பிட்டுத்தான் இரண்டு பெட்டிகள் மேற்படிகின்றனவா என்று பார்க்கிறார்கள். 1972இல் வந்த பாங் என்ற வீடியோ விளையாட்டில் மென்பொருளே கிடையாது, வெறும் லாஜிக் சில்லுகள். மட்டையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, எதில் பட்டதோ அதற்கேற்ற கோணத்தில் பந்தைத் திருப்பினார்கள். அதுவும் நிபந்தனைதான்.

அந்தப் பிள்ளையின் பந்து சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கியதே என்பீர்கள். சரி, நடுங்கியது. ஏன் என்று யாராவது பார்த்தீர்களா? அந்த நிரலில் ஒவ்வொரு மோதலிலும் வேகம் 0.8 மடங்காகிறது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், 10 பிக்சல் வேகத்தில் வந்த பந்து சுவரை 9 பிக்சல் தாண்டிவிட்டால், 8 வேகத்தில் திரும்பியும் 1 பிக்சல் வெளியேதான் நிற்கும். உடனே இஃப் மறுபடி உண்மையாகி, பந்தை வெளியே தள்ளுகிறது. 'சுவரை நோக்கிப் போனால் மட்டும் திருப்பு' என்று நிபந்தனையில் சேர்த்தால் முடிந்தது. குறை இஃப்பில் இல்லை, பாதியில் நின்ற நிபந்தனையில்.

என் அக்கா மகளுக்கு இதையே சொல்லிக்கொடுத்தேன். இஃப்பை எழுதி முடித்ததும் அவளே கேட்டாள்: "மாமா, சுவர் 10 பிக்சல்தான், பந்து ஒரே ஃபிரேமில் 50 பிக்சல் தாண்டினால் ஊடுருவிப் போயிடாதா?" எஞ்சினைக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்குமா?

நூறு பந்து வந்தால் என்ன செய்வாய் என்கிறார்கள். எது எதோடு மோதுகிறது என்று பார்க்க 4950 ஜோடி. இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. பல்லாயிரம் வரும்போது எஞ்சினுக்குப் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

நான் கற்ற காலத்தில் இப்படித்தான் ஒரு கேள்வி கேட்டேன். "முதலில் போய்ப் படி" என்று பதில் வந்தது. அப்புறம் ரொம்ப நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வலி தெரிந்துதான் இவ்வளவு பேசுகிறேன். உதவ நினைத்திருந்தால், "திசையையும் சேர்த்துப் பார் தம்பி" என்று ஒரு வரி போதும். நீங்கள் எழுதிய கிண்டல் அதைவிட நீளம்.