மல்டிநெஷனல் கொம்பனிக்குப் போகலாமா? திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை

"அண்ணா, பெரிய மல்டிநெஷனலுக்குப் போறதா, சின்ன கொம்பனிக்குப் போறதா?" நம் கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழகக் கம்பஸில் கணினி விஞ்ஞானம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் இன்பொக்ஸில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மல்டிநெஷனலுக்கே, அதாவது பல நாடுகளில் கிளை உள்ள கொம்பனிக்கே, போங்கோ. முதல் மூன்று நாலு வருஷம் அங்கே இருப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

சின்ன கொம்பனியில் காலையில் எழுதிய புரோகிராம் கோட் பின்னேரமே வாடிக்கையாளரிடம் போய்விடும். பெரிய இடத்தில் நாலு வரி மாற்றினாலும் இரண்டு பேர் ரிவியூ செய்ய, அதாவது வாசித்துச் சரிபார்க்க வேண்டும், டெஸ்ட் எல்லாம் பாஸாக வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சல் வரும். எங்கேயோ போலந்திலோ பெங்களூரிலோ இருக்கிற, முகமே தெரியாத ஒரு சீனியர், "இங்கே தரவு வெறுமையாக வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்பார். அதையே திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க, எழுதும்போதே அந்தக் கேள்வி நமக்குள் எழத் தொடங்கும். இதை எந்த டியூட்டரியும் சொல்லித்தராது.

காசும் முக்கியம்தான். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, டொலர் கணக்கில் சம்பளம் எடுத்த பிள்ளைகள்தான் பல வீடுகளைத் தாங்கினார்கள்.

இனிக் கஷ்டங்கள். டீம் நியூயோர்க்கில் இருந்தால், அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களின் குளிர்காலத்தில் 7.30. மீற்றிங் அப்போதுதான் தொடங்கும். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு இது சரியான கொடுமை. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொன்று, காலை ஸ்டாண்ட்-அப், அதாவது ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றிச் சொல்கிற சின்ன மீற்றிங். ஏலெவல் வரை தமிழில் படித்த நம் பிள்ளைகள் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேசச் சொன்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். பேசாதவருக்கு விஷயம் தெரியாது என்று மெனேஜர் நினைத்துக்கொள்கிறார். அநியாயம்தான். முதல் நாள் இரவே சொல்லப்போவதை எழுதிவைத்து வாசியுங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை. ரிவியூவில் எழுத்தில் நன்றாகக் கேள்வி கேளுங்கோ, அங்கே உச்சரிப்பு யாருக்கும் தெரியாது.

எனக்கு மிகவும் கவலையான விஷயம் ஆட்குறைப்பு. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது உங்களுக்குத் தெரியும். இப்படியான முடிவை எடுப்பவர் உங்கள் டீம் லீட் இல்லை, நீங்கள் ஒருநாளும் காணாத ஒருவர். நல்லா வேலை செய்தால் தப்பலாம் என்று நம்பி இருக்காதேங்கோ. முழுப் பிரிவையே மூடும்போது யார் கெட்டிக்காரர் என்று பார்க்க மாட்டார்கள்.

ஆனால் நம் இலங்கையில் 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். முந்தின 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு இது பொருந்தும். "நீங்களாகவே விலகுவதாக ஒரு கடிதம் தாங்கோ" என்று கொம்பனி இனிமையாகக் கேட்பது இதனால்தான். என்னோடு வேலை செய்தவர்கள் பலர் பயத்தில் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போடாதேங்கோ. அவகாசம் கேளுங்கோ, தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கோ.

இலங்கையில் பதிவில்லாத கொம்பனிக்கு உப்புவெளி வீட்டிலிருந்து 'கொன்ட்ராக்டர்' ஆக, அதாவது ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக, வேலை செய்பவர்களுக்கு பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முதலாளி போடுகிற 12 வீத ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீத ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி), ஐந்து வருஷம் முடிந்தால் வருகிற கிராஜுவிட்டி (பணிக்கொடை) எதுவும் வராது. அந்தச் சம்பளம் கையில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பந்தத்தில் உங்களை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கோ. விளங்காவிட்டால் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கோ, இருந்து வாசித்துச் சொல்கிறேன்.