சிவன் உயிர்களைப் படைத்தாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில், "சிவபெருமான் சூனியத்திலிருந்து உயிர்களைப் படைத்தார்; ஆதாரம் சிவஞானபோதம்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய அந்தச் சைவ சித்தாந்த நூலின் 12 சூத்திரங்களில் எங்கும் அப்படி இல்லை. "பதியினைப் போல் பசு பாசம் அனாதி" என்று திருமூலர் முன்பே அறுதியிட்டுவிட்டார்: இறைவனைப் (பதி) போலவே உயிரும் (பசு) அதன் கட்டும் (பாசம்) தொடக்கமற்றவை. உயிருக்குத் தொடக்கமே கிடையாது.

பிறகு படைப்பு என்பது எது? ஆணவம் என்னும் அறியாமை மலத்தில் கட்டுண்ட உயிருக்கு, அதன் வினைக்கேற்ப, உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகியவற்றைக் கொடுப்பதுதான். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், செய்பவனான குயவன் நிமித்தகாரணம். படைப்புக்கு அந்த வரிசையில் மாயை, சிவனின் ஆற்றலான சத்தி, சிவன். சூனியம் என்றால் மண்ணே இல்லை. விளக்கம் முழுதும் சரிந்துவிடும். உயிருக்கு முன்வினை இல்லையென்றாகி, பிறவியில் காணும் ஏற்றத்தாழ்வும் இறைவன் தலையில் விழும்! சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகவே சொல்லவேண்டும். எல்லாம் ஒடுங்கும்போதும் உயிர் மலத்தோடு கிடக்கிறது. மீண்டும் தோற்றுவிப்பது அந்த மலம் நீங்குவதற்காக. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் பேசுவது இந்த ஒடுக்கமும் தோற்றமும்தான்.